கொசுறாக வந்த ஊசி

முகத்தைப் பார்த்து விலை சொல்வதுதான் வத்தல் மண்டியில் பாதித் தொழில். வாங்க வந்தவன் மூட்டைக்குள் கையை விட்டு அடிமிளகாயை எடுத்து உடைத்து முகர்வான். அப்போது அவன் கையைப் பார்க்கிறவள் ஏமாளி. கண்ணோரச் சுருக்கத்தைப் பார்க்க வேண்டும். சரக்கு பிடித்துவிட்டால் அது ஒரு நூல் இழுத்துக்கொள்ளும். "என்னம்மா இது, ஒரே தூசியால்ல இருக்கு" என்று வாய் அலுத்துக்கொண்டிருக்கும். சுருக்கமோ "மொத்தத்தையும் எனக்கே கொடு" என்று கெஞ்சிக்கொண்டிருக்கும். மதுரையில் பாண்டீஸ்வரியைப் போலச் சுருக்கம் படித்தவள் இன்னொருத்தி கிடையாது. அறுபத்திரண்டு வயதுக்குள் அவள் கட்டிய வீடு, வாங்கிய லாரி, விரட்டிய போட்டிக்காரர்கள் எல்லாம் அந்தப் படிப்பில் வந்தவைதான்.

புதுநார் என்ற இளமை ஊசி வந்து அந்தப் படிப்பில் மண்ணைப் போட்டது.

முதலில் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நகைக்கடைக்காரர்கள், அப்புறம் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள். கடைசியில் தரகர் ஜம்புலிங்கமே எடுத்துக்கொண்டார். எழுபதைத் தாண்டிய மனுஷன். கொடைக்கானலில் தங்கி வருகிறேன் என்று போனவர், போன மாதம் கல்யாணமானவர் மாதிரி திரும்பி வந்து மண்டி வாசலில் நின்றார். முகம் இஸ்திரி போட்ட வேட்டியாக இருந்தது. சாத்தூர்ச் சம்பா வத்தலை உடைத்துப் பார்த்துவிட்டு விலை கேட்டார். பாண்டீஸ்வரி அவர் கண்ணோரத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. குத்துமதிப்பாக ஒரு விலையைச் சொன்னாள். ஜம்புலிங்கம் உடனே "சரி" என்றார். உடனே சரி என்றால் என்ன அர்த்தம் என்று மூட்டை தூக்குகிறவனுக்கும் தெரியும்.

"உங்க மூஞ்சியில ஒண்ணுமே தெரியலையேண்ணே" என்றாள்.

"அதுக்குத்தானத்தா செலவழிச்சேன்" என்றார் ஜம்புலிங்கம். "உன் மூஞ்சிதான் விலைப்பலகை மாதிரி தொங்குது. ரோட்டுல நின்னே படிச்சிரலாம்."

அடுத்த வாரமே பாண்டீஸ்வரி பைபாஸ் ரோட்டில் இருந்த டாக்டர் பர்வீனின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு டாக்டர், அல்லது சின்ன வயசுத் தோல். இந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?

"கொலாஜன்னு கேள்விப்பட்டிருப்பீங்க" என்றார் டாக்டர். "உடம்பைக் கட்டி வச்சிருக்கிற நார். தோல், எலும்பு, மூட்டு, ரத்தக்குழாய், குடல், தொண்டை எல்லாமே அதுல கட்டினதுதான். வயசாக ஆக அது கிணத்துக் கயிறு மாதிரி முறுக்கேறி, விறைச்சு, பிரிபிரியா போயிரும். நாங்க ரெண்டு ஊசி தருவோம். நீல மூடி போட்டது பழைய நாரை அவிழ்க்கும். வெள்ளை மூடி போட்டது புது நாரை நெய்யும்."

"நடுவுல?"

"அங்கதான் விஷயம் இருக்கு. நடுவுல கொஞ்ச நாள் பழைய காயமெல்லாம் தலைகாட்டும்."

"ஆறிப்போன காயம் எப்படி வரும்?"

"எந்தக் காயமும் ஆறிப்போறதில்லம்மா. உடம்பு அதைத் தினம் தினம் தைச்சுக்கிட்டே இருக்கு. தையலை நிறுத்தினா பிரிஞ்சிரும். அந்தக் காலத்துல காய்கனி இல்லாம மாசக்கணக்குல கப்பல்ல போனவங்களுக்கு, என்னைக்கோ பட்ட வெட்டுக்காயம் திறந்துக்கிச்சு. அதே கதைதான் இது. கடைசியா பட்டது முதல்ல வரும். முதல்ல பட்டது கடைசியா வரும். முகத்துக்கு மட்டும் போட்டா இந்தத் தொந்தரவு இல்ல. முழு உடம்புக்குன்னா வீட்டுல கேட்டுட்டு வாங்க. எங்ககிட்ட வர்றதுல பாதிப் பேர் அழகுக்காக வர்றாங்க. மீதிப் பேரை அவங்க வக்கீல் அனுப்புறார். புருஷன் அடிச்ச அடியெல்லாம் வரிசையா மேல வரும், போட்டோ எடுத்துக் கோர்ட்டுல குடுக்கலாம். சில புருஷமாருங்க இங்க வந்து, எம் பொண்டாட்டி வந்தா மருந்து தீந்துருச்சுன்னு சொல்லிருங்கன்னு கால்ல விழுகுறாங்க."

பாண்டீஸ்வரிக்கு அந்தக் கவலை இல்லை. புருஷன் நல்லவன், போய்ச் சேர்ந்தும் வெகு காலமாகிறது. அவள் பேரத்தை ஆரம்பித்தாள். முகத்துக்குச் சொன்ன விலைக்கு முழு உடம்பையும் கேட்டாள். டாக்டர் முடியாது என்றதும் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனாள். வாசலில் நின்று, "எங்க தெருவுலயே ஏழெட்டுப் பொம்பளைங்க யோசிச்சுக்கிட்டு இருக்காங்க, நான் சொன்னா வருவாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் கூப்பிட்டார். விலை படிந்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம்.

"கொசுறு?" என்றாள் பாண்டீஸ்வரி.

"என்னது?"

"எங்க கடையில கால் கிலோ வாங்குறவளுக்கும் மேல ஒரு கைப்பிடி போடுவோம் டாக்டரம்மா. வெறுங்கையோட எந்திரிச்சுப் போற பழக்கம் எங்களுக்கு இல்ல."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளம்பரத்துக்கென்று வந்த ஒரு ஜோடி ஊசிகளை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். பேனா மாதிரி இருந்தன, ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. "வீட்டுல யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு. எண்பத்திமூணு ஆச்சு. தோலெல்லாம் காகிதமா கிழியுது."

"அப்போ வேண்டாம்மா. அவிழ்க்கிறது சுலபமா அவிழ்ந்துரும். திரும்ப நெய்யறதுக்கு அந்த உடம்புல நூல் இருக்கணும்ல?"

"இருக்கட்டும், குடுங்க" என்று பைக்குள் போட்டுக்கொண்டாள். கொசுறை வேண்டாம் என்று சொன்னவர்கள் அவள் தொழிலில் யாரும் கிடையாது.

நீல ஊசி போட்ட சில நாளில் காயங்கள் வர ஆரம்பித்தன. போன வருஷம் சாக்குக் கத்தி கீறிய கோடு, கர்ப்பப்பை எடுத்த தையல், பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டர் இடித்த முழங்கால். எல்லாம் தெரிந்த முகங்கள், அழைத்த விருந்தாளிகள் மாதிரி ஒவ்வொன்றாக வந்து, ஒரு நாள் இருந்து, சிவந்து, போயின. பள்ளிக்கூடத்தில் சிலேட்டு உடைந்து கிழித்த உள்ளங்கைக்கு அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு தொண்டை எரிய ஆரம்பித்தது.

வத்தல்காரிக்குத் தொண்டை எரிவது ஒரு செய்தியா? அவள் குரலே நெடி ஏறிக் கரகரத்த குரல் என்று பேர் வாங்கியது. பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டு ஏலத்துக்குப் போனாள். ராமநாதபுரம் முண்டு வத்தல் புதுசாக வந்து இறங்கியிருந்தது, அந்த நெடிதான் என்று நினைத்தாள். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இவள் மிளகாய் மேல் பழியைப் போட்டுவிட்டு ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தாள். எச்சில் துப்பிய இடம் சிவப்பாகக் கிடந்ததை மூட்டை தூக்குகிறவர்கள் பார்த்துக் காட்டிய பிறகுதான் போனாள்.

டாக்டர் பர்வீன் குழாய் விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"சின்ன வயசுல ஏதாவது முழுங்கினீங்களாம்மா?"

"எந்த வயசுல?"

"வயசுன்னு சொல்ல முடியாது. பொறந்து நாலஞ்சு நாள் இருக்கலாம். இதுக்கு முன்னாடி உங்க உடம்புல பட்டது ஒண்ணும் இல்ல. தொப்புள் மட்டும்தான் மிச்சம்."

திரையில் ஈரமான சிவப்புச் சுவர். அதில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள், எல்லாம் மேலிருந்து கீழே இறங்கியிருந்தன. அவற்றுக்கு மேலே ஒன்று மட்டும் ஆழமாக, வளைந்து, கீழிருந்து மேலே ஏறியிருந்தது.

"இது நகம்" என்றார் டாக்டர். "யாரோ விரலை விட்டுத் தோண்டி எடுத்திருக்காங்க. எடுத்ததாலதான் நீங்க இருக்கீங்க. உங்க குரல் கரகரன்னு இருக்கிறதுக்கும் இதுதான் காரணம். மிளகா இல்ல."

பாண்டீஸ்வரி மலையடிவாரத்து ஊரில் பிறந்தவள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பொட்டைப்பிள்ளை பிறந்த வீட்டில் பாலோடு நெல்லைச் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் பார்த்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். நெல்லின் முனை தொண்டையில் ஏறி நின்றுகொள்ளும்.

"நெல்லு" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளை ஊசியை அன்றே போட்டுக்கொண்டாள். தொண்டை மூடியது. முகம் திருந்தியது. குரல் தெளிந்தது. இருபது வருஷமாகச் சரக்கு அனுப்பும் சாத்தூர் முதலாளி போனில், "பாண்டியம்மா இல்லையா பாப்பா?" என்று கேட்டார். அவள் ஆசைப்பட்டபடியே முகத்தில் எதையும் யாராலும் படிக்க முடியவில்லை. ஆனால் அவளுக்கு இப்போது வியாபாரத்தில் மனசு போகவில்லை. அந்தத் தொண்டைக்குள் இரண்டு கைகள் போயிருக்கின்றன. ஒன்று போட்ட கை, ஒன்று எடுத்த கை. எது யாருடையது?

அம்மா வீராயி வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் செய்யும் வேலை. சும்மா உட்காரச் சொன்னால், "சும்மா உக்காந்திருக்க நான் என்ன மாமியாரா?" என்பாள்.

பாண்டீஸ்வரி எதிரே உட்கார்ந்தாள். "அம்மா, நான் பொறந்தப்ப வீட்டுல யாரு யாரு இருந்தா?"

"மாயக்கா இருந்தா" என்றாள் வீராயி, காம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவதான் செஞ்சா. நான்தான் எடுத்தேன்."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையேம்மா."

"தொண்டைக்குள்ள குழாய் விட்டாங்கன்னு நீ சொன்னப்பவே நீ கேப்பன்னு தெரியும்."

மாயக்கா அப்பாவின் அக்கா. புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்து தங்கியவள். அவள் பொல்லாதவள் என்பதைப் பாண்டீஸ்வரி பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்திருக்கிறாள். "அவ கண்ணுல படாத", "அவ குடுத்தா வாங்காத", "அவ தொட்டா கையைத் தட்டி விடு". ஏன் என்று யாரும் சொன்னதில்லை. இப்போது சொல்லியாகிவிட்டது. கணக்கும் சரியாக இருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே விலையைச் சொல்லிவிட்டதுதான் அவளை உறுத்தியது. மண்டியில் அப்படிச் சொல்கிறவன் மூட்டையின் அடியில் ஈரச் சரக்கு வைத்திருப்பான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மண்டி எடுத்த புதிது. ஒருநாள் மாயக்கா வாசலில் வந்து நின்றாள். நூல்புடவை, வெறும் கால், காய்ந்த உதடு. உதவி கேட்டு வந்திருக்கிறாள் என்று பாண்டீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாயக்கா எதுவும் கேட்கவில்லை. "சோறு தண்ணி நல்லா எறங்குதா தாயி?" என்றாள். என்ன கேள்வி இது என்று எரிச்சலோடு, "ஏன், நீங்க வந்து ஊட்டப் போறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள் பாண்டீஸ்வரி. மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். மாயக்கா அவள் மோவாயைத் தொடக் கையை நீட்டினாள். பாண்டீஸ்வரி தட்டிவிட்டாள். மாயக்கா அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டு, ஏதோ கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டவள் மாதிரி போனாள். அடுத்த மழைக்காலத்தில் ஏதோ ஒரு கோயில் மண்டபத்தில் செத்துக் கிடந்தாள் என்று செய்தி வந்தது. இவள் போகவில்லை.

எரிந்து சாம்பலான உடம்பு சாட்சி சொல்லாது. மிச்சம் இருப்பது ஒரே உடம்புதான். அது கூடத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறது.

அன்று முதல் ஃப்ரிட்ஜ் பக்கம் போகும்போதெல்லாம் பாண்டீஸ்வரியின் கை அதன் கதவில் ஒரு கணம் கூடுதலாக நின்றது. தயிருக்குப் பின்னால் கொசுறு இருந்தது. ஒரு காலை நேரம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் எதையும் எடுக்காமல் நின்றபோது பின்னாலிருந்து வீராயி பேசினாள்.

"கரண்டு வீணாப் போகுது. எடுக்கிறதுன்னா எடு, இல்லன்னா மூடு."

"தயிர் இருக்கான்னு பாத்தேம்மா."

"நான் உன்னைப் பெத்தவ. எங்கிட்டயே எடை கூட்டத் தண்ணி தெளிச்ச சரக்கை விக்காத." வீராயி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எல்லாப் பொம்பளைகளும் பேசிக்கிறாளுக. அந்த ஊசி போட்டா உடம்பு உள்ளதைச் சொல்லிருமாமே."

"உனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கு. உசிருக்கே ஆபத்து."

"அப்புறம் ஏன் கதவைத் திறந்து வச்சிக்கிட்டு நிக்கிற?"

வீராயி ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். உள்ளே இருந்தது கை என்று சொல்ல முடியாது, எலும்பின் மேல் மடித்துப் போட்ட துணி.

"நான் வாயால சொன்னா நீ நம்பலை. போடு."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியது மகள். பாண்டீஸ்வரி அதை எத்தனையோ முறை பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் நீல மூடியைத் திறந்து தாயின் கையில் ஊசியைப் போட்டாள்.

அதன் பிறகு மண்டிக்குப் போகவில்லை. தாய்க்குப் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு காயமாகக் கழுவினாள். முதலில் இடுப்பு எலும்பு ஆபரேஷன், அப்புறம் குக்கர் வெடித்த மார்பு. இவை அவளுக்குத் தெரிந்தவை. அதன் பின் தெரியாதவை வர ஆரம்பித்தன. காதுக்குப் பின்னால் ஒரு பிளவு திறந்தது.

"இது என்னம்மா?"

"உங்கப்பனோட டார்ச் லைட்டு. அப்ப நீ பத்தாப்பு."

"படியில விழுந்தேன்னு சொன்னியே?"

"அந்தப் படிக்குக் கை இருந்துச்சு."

ஒவ்வொரு காயத்துக்கும் வீராயி மகளின் வயதை வைத்தே காலம் சொன்னாள். தோள்பட்டையில் சூட்டுக்கோல் வந்தபோது, "அப்ப நீ நாலாப்பு." பாதத்தில் கருவேல முள், "அப்ப நீ பால்பல்லு விழுந்து ஓட்டைவாயி." சிலவற்றுக்குச் சிரித்தாள். சிலவற்றைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்பா செத்தபோது அம்மா அழாதது ஏன் என்று பாண்டீஸ்வரிக்குப் புரிந்தது. அந்த மனுஷனுக்கு வருஷா வருஷம் இவள் இலை போட்டுப் படைத்துக்கொண்டிருந்தாள்.

வீராயியின் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. பாண்டீஸ்வரி டாக்டருக்குப் போன் செய்தாள்.

"எதுக்குச் சொல்லச் சொல்லக் கேக்காம போட்டீங்க?" டாக்டர் பர்வீன் கத்தினார். "வெள்ளை மூடியை இப்பவே போடுங்க. ஒரு நாள் தள்ளினாலும் தப்பு."

"இப்பப் போட்டா இன்னும் மேல வராத காயம்?"

"அது அப்படியே உள்ள மூடிக்கும். அப்புறம் யாராலயும் பாக்க முடியாது. பாண்டீஸ்வரியம்மா, நீங்க எதைத் தேடுறீங்கன்னு எனக்குத் தெரியும். அதைவிட அவங்க உசிரு பெருசு இல்லையா?"

பெரிசுதான். அவள் வெள்ளை ஊசியைக் கையில் எடுத்தாள். அன்று காலை வந்திருந்தது கருக்கரிவாள் அறுத்த சுண்டுவிரல். "அப்ப நீ நடை பழகின" என்று சொல்லியிருந்தாள் வீராயி. இவ்வளவு கிட்டத்தில் வந்தாகிவிட்டது. ஊசியைத் திரும்ப வைத்தாள். விலை இன்னும் கொஞ்சம் ஏறும் என்று சரக்கை இறக்காமல் வைத்திருந்து அழுக விட்டவர்களை அவள் எவ்வளவோ கேலி செய்திருக்கிறாள். மறுநாள் முழங்கையில் அடுப்புக் கட்டை. "அப்ப நீ குப்புற விழுந்த." அன்றும் ஊசியை எடுத்தாள், அன்றும் வைத்தாள்.

அடுத்த காலையில் வீராயி கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. பாண்டீஸ்வரி நனைத்த துணியோடு குனிந்தபோது தாயின் வலது மணிக்கட்டு ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். துடைத்தாள். எதிரும் புதிருமாக இரண்டு வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் வரிசையாகக் குழிகள். கத்தி இப்படி வெட்டாது, கட்டை இப்படிச் சுடாது. மனுஷப் பல். வளர்ந்த மனுஷப் பல்.

"வந்துட்டாளா?" என்றாள் வீராயி, கண்ணைத் திறக்காமலே.

பாண்டீஸ்வரி துணியைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கையிலதான் நெல்லுப்பால் ஊத்தின பாலாடை இருந்துச்சு. மாயக்கா உன்னை எங்கிட்ட இருந்து பறிச்சு ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சிக்கிட்டா. நான் பாலாடையை உன் வாயில வச்சு அழுத்திக்கிட்டே இருக்கேன். கையை விட்டா நீ கீழ விழுந்துருவ. அவ என்ன செய்வா? கடிச்சா." வீராயி மூச்சு வாங்கினாள். "கடிச்சும் நான் எடுக்கலை. எலும்புல பல்லு பட்டப்புறம்தான் எடுத்தேன். அவதான் உன்னை மடியில கவுத்துப் போட்டு, விரலை விட்டு ஒவ்வொரு நெல்லா எடுத்தா."

"ஏம்மா?"

"ஏன்னா? உனக்கு முன்னாடி ரெண்டு பேரு இருந்தாளுக. அப்ப மாயக்கா புருஷன் வீட்டுல இருந்தா. கடிக்க ஆளு இல்ல." வீராயி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். "ஊருக்குள்ள பேச்சு வந்துருச்சு. நர்சம்மா வந்து கேட்டா. யாராவது ஒருத்தி செஞ்சிருக்கணும்ல? மாயக்காதான் சொன்னா, எம் பேரைச் சொல்லு, எனக்குப் புள்ள குட்டி இல்ல, இவளை வளக்க ஆத்தா வேணும்னு. சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆகிப்போச்சு. உன்னை அவகிட்ட ஒட்ட விடலை. நீ அவகிட்ட ஒட்டினா எனக்கு ஞாபகம் வந்துரும்ல."

வெளியே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். பாண்டீஸ்வரி தாயின் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தாள். பிடித்திருந்தது நாடி பார்க்கவா, நசுக்கவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ராத்திரியெல்லாம் ரத்தமா துப்பின" என்றாள் வீராயி. "விடிஞ்சதும் எங்கிட்டயே வந்து பால் குடிச்ச. ஒண்ணுமே நடக்காத மாதிரி. அதைத்தான் என்னால தாங்க முடியல."

பாண்டீஸ்வரி வெள்ளை ஊசியை எடுத்தாள். வீராயி தலையை ஆட்டினாள். "மத்ததையெல்லாம் மூடிரு. இதை மட்டும் விட்டுரு."

"அப்படி முடியாதும்மா. மூடினா எல்லாம் மூடும். விட்டா எல்லாம் விட்டுரும்."

"டாக்டர்கிட்ட கேட்டுப் பாரு. நீ கேட்டா படியாத விலையா?"

"இதுல பேரம் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டாள்.

அந்த உடம்பில் நூல் இருந்தது. டாக்டர் பர்வீனே நேரில் வந்து பார்த்துவிட்டு நம்பாமல் போனார். காது மூடியது, தோள் மூடியது, மார்பு மூடியது. டார்ச் லைட்டும் சூட்டுக்கோலும் கருக்கரிவாளும் இருந்த இடம் தெரியவில்லை. வீராயி எழுந்து உட்கார்ந்தாள், சோறு கேட்டாள், பிறகு காம்பு கிள்ளவும் ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். பல் தடம்தான் கடைசியாக மறைந்தது. வீராயி தினமும் காலையில் மணிக்கட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குழிகள் புள்ளிகளாயின. புள்ளிகள் நிறம் வெளுத்தன. ஒருநாள் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "போயிட்டா" என்றாள்.

பாண்டீஸ்வரி இப்போதெல்லாம் தாய்க்குச் சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், மருந்து கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. வீராயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கோபமா, அருவருப்பா, மன்னித்துவிட்டாளா? அந்தப் புது முகத்தில் பெற்றவளாலும் எதையும் படிக்க முடியவில்லை.

ஒருநாள் மண்டிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வீராயி கூப்பிட்டாள்.

"ஏடி, இங்க வா. இப்படி உக்காரு."

உட்கார்ந்தாள். வீராயி வலது கையை நீட்டினாள். பச்சைப்பிள்ளையின் கை மாதிரி வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது.

"கடி."

"பேசாம இரும்மா."

"நேத்துக் கண்ணு அசந்து முழிச்சப்ப, மாயக்காதான செஞ்சான்னு எனக்குத் தோணிருச்சுடி. உக்காந்து யோசிச்சு யோசிச்சுத்தான் இல்லைன்னு வந்துச்சு. இன்னும் நாலு மாசம் போனா அதுவும் வராது. மறுபடியும் அவ பேரைச் சொல்லிருவேன். கையில ஒண்ணும் இல்லாம நான் எதைப் பாத்து ஞாபகம் வச்சுக்க?"

பாண்டீஸ்வரி தாயைப் பார்த்தாள். மோவாயைத் தொட வந்து தட்டிவிடப்பட்ட கையும், மூட்டைக்காரர்களின் சிரிப்பும் அவள் கண்முன் வந்தன. அந்தப் பெயரை இனிமேல் யாராவது தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு உலகத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.

மணிக்கட்டை இரண்டு கையாலும் எடுத்து வாயில் வைத்தாள். புதுத் தோல் இழுத்துக்கொடுத்தது, கிழிய மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு பல்லை இறக்கினாள். உப்புக் கரித்தது. நாக்கில் சூடாக ஏதோ பட்டதும் நிறுத்தினாள்.

வீராயி கையை இழுத்துக்கொள்ளவில்லை. மகளின் தலையை மற்றக் கையால் மெல்லப் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"அவ இதைவிட அழுத்திக் கடிச்சா" என்றாள்.